தாழ்நாதக் கிதாரும் அதனை வாசிப்போரும்

கல்யாணங்களிலும் கோயில் உற்சவங்களிலும் நாகசுர மேளம் கேட்ட முதியோர், வித்துவானுக்குப் பின்னே கன்னங்களை உப்பிக்கொண்டு ஒரே சுரத்தை இடைவிடாது ஊதிக்கொண்டிருந்த ஒருவரை மறந்திரார். அவர் கையிலிருந்தது ஒத்து. அது தோற்றத்தில் நாகசுரத்தை ஒத்ததாயினும், விரல் வைத்து வாசித்தற்குரிய துளைகள் அதற்கில்லை. அடியிலுள்ள துளைகளை மெழுகினால் அடைத்துச் சுருதி கூட்டிக்கொண்டபின், மூச்சு அறாதபடி ஆதார சட்ஜத்தை நிறுத்திவைப்பதொன்றே ஒத்துக்காரரின் தொழில். கேட்போர் அவரைக் கவனியார். அவர் ஒரு கணம் நிறுத்துவாராயின், யாதோ ஒன்று குறைந்ததென்று சபை முழுவதும் திரும்பிப் பார்க்கும். இக்காலத்துப் பெரும்பாலான மேளங்களில் அவர் இருந்த இடத்தில் மின்சாரச் சுருதிப்பெட்டி இருக்கின்றது.

மெல்லிசைக் கச்சேரிகளில் ஏறக்குறைய இந்த ஒத்துக்காரரின் ஸ்தானத்தில் நிற்பவர் பேஸ் கிதார் வாசிப்பவர். ‘ஏறக்குறைய’ என்றது, ஒத்து ஒரு சுரத்திலேயே நிலைத்து நிற்ப, பேஸ் கிதாரோ அசைந்து அசைந்து நிலைகாட்டுவது என்னும் வேற்றுமை கருதியாம். மேடையின் ஓரத்தில், டிரம்ஸுக்கு அருகில், பாட்டு முடியுந்துணையும் தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு நிற்கும் இவரைப் பார்த்து, ‘இவர் என்னதான் செய்கிறார்?’ என்று வினவாத உறவினர் இலர். கேளம்பாக்கத்தில் குடியிருந்து, பகலில் வேறு உத்தியோகமும் இரவில் இத்தொழிலுமாகக் காலங்கழிக்கும் எனக்கு அவ்வினா பழகிப்போயிற்று. நம் கலாசாலை மாணவர் சிலர் இவ்வாத்தியத்தைக் கற்கும் விருப்பினராய், கருவி யாது, கூட்டாளிகள் எத்தன்மையர், இதனால் ஜீவனம் நடக்குமா என்றெல்லாம் கேட்டனர். அவர்பொருட்டு அறிந்தவற்றை ஈண்டு எழுதலாயினேன்.

முதலிற் கருவியைக் கூறுவோம். சாதாரணக் கிதாருக்குத் தந்திகள் ஆறு. பேஸ் கிதாருக்கு நான்கு. கிதாரின் தடித்த நான்கு தந்திகள் எச்சுரங்களில் நிற்கின்றனவோ, அவற்றிற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இந்நான்கும் நிற்கும். எண்ணாற் சொல்லின், இவை விநாடிக்கு முறையே 41, 55, 73, 98 முறை அதிர்வன. மனிதச் செவிக்கு எட்டும் ஒலியின் கீழெல்லை சுமார் 20 அதிர்வு என்பர். ஆகவே இவ்வாத்தியம் நம் செவியின் அடித்தளத்திற்கு அணித்தாகவே உலவுவது. இத்துணைத் தாழ்ந்த நாதம் பிறக்கவேண்டுமாயின் தந்தி நீண்டும் கனத்தும் இருத்தல் வேண்டும். கிதாரில் தந்தியின் அதிரும் நீளம் சுமார் 65 சென்டிமீட்டர். இதில் 86 சென்டிமீட்டர். நான்கு தந்திகளும் கூடிக் கழுத்தை இழுக்கும் இழுவை ஏறத்தாழ 75 கிலோ எடைக்குச் சமம். ஒரு மனிதர் இரவும் பகலும் அக்கழுத்தைப் பற்றித் தொங்குவதாகப் பாவித்தால் உண்மை விளங்கும். அவ்விழுவையைத் தாங்குதற்பொருட்டே கழுத்தின் உள்ளே எஃகுக் கம்பியொன்று ஓடுகின்றது.

தந்தியின் அசைவு தானே பேரொலியாவதன்று. தந்திகளின் கீழ்க் காந்தங்களைச் சுற்றி, மயிரினும் மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். இதற்குப் பிக்கப் என்று பெயர். உலோகத் தந்தி காந்தத்தின் மேல் அசையும்பொழுது அக்கம்பியில் நுண்ணிய மின்னோட்டம் எழும். அதனை ஆம்ப்ளிஃபையர் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். பாடகருக்குச் சிறிய பெட்டி போதுமாக, பேஸ்காரருக்குப் பெரிய பெட்டி வேண்டியிருப்பது ஏன் என்று மண்டபக்காரர்கள் கேட்பதுண்டு. குற்றம் நம் செவியினது. பிளெட்சர், மன்ஸன் என்னும் இருவர் 1933-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியிட்ட ஆராய்ச்சி, தாழ்ந்த நாதங்களை நம் செவி மிக மந்தமாகவே ஏற்கின்றதெனக் காட்டிற்று. குரலுக்குச் சமமாகத் தாழ்நாதம் கேட்கவேண்டுமானால் அதன் வலிமையைப் பன்மடங்காக்கித் தரவேண்டும்.

இன்னுமொரு சங்கடம் உண்டு. 41 அதிர்வுடைய நாதத்தின் அலை நம் ஊர் வெப்பத்தில் சுமார் எட்டரை மீட்டர் நீளமுடையது. கல்யாண மண்டபத்தின் சுவர்களில் மோதித் திரும்பும் அவ்வலைகள் ஓரிடத்தில் ஒன்றோடொன்று கூடி இடிபோல் முழங்கும். நான்கு நாற்காலி தள்ளி ஒன்றையொன்று அழித்து, வாத்தியமே இல்லையென்னும்படி ஆகிவிடும். பின்சுவரோரம் அமர்ந்த பெரியவர் ‘சத்தத்தைக் குறையுங்கள்’ என்று ஆளனுப்புவதும், நடுவரிசையிலிருக்கும் இளைஞர் ‘பேஸ் கேட்கவில்லை’ என்று கைகாட்டுவதும் ஒரே நிமிஷத்தில் நடக்கக் கண்டிருக்கின்றேன். இருவர் சொல்வதும் மெய்யே. கைத்தொலைபேசியிற் பாட்டுக் கேட்போர்க்கோ இந்நாதம் பெரும்பாலும் எட்டுவதேயில்லை. அச்சிறு ஒலிபெருக்கியால் 41 அதிர்வை எழுப்ப முடியாது. மேலெழும் உபநாதங்களைக் கொண்டு, இல்லாத அடிநாதத்தை மனமே கற்பித்துக்கொள்ளுகின்றது.

இவ்வாத்தியத்தின் வயது அதிகமன்று. இதற்கு முன்னர் இவ்வேலையைச் செய்தது டபுள் பேஸ் என்னும் ஆளுயர வாத்தியம். சென்னைத் திரைப்பட வாத்தியக் குழுக்களிலும் அது இருந்தது. பிடிலைப் பத்து மடங்கு பெருக்கி நிமிர்த்தி வைத்தாற்போன்ற அதனைத் தோளில் இட்டுப் பேருந்தில் ஏறுவது நடவாத காரியம். கலிபோர்னியாவிலிருந்த லியோ பெண்டர் என்பவர் 1951-இல் பிரிசிஷன் பேஸ் என்னும் பெயருடன் பலகையுடல் கொண்ட மின்சாரக் கருவியொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். ‘பிரிசிஷன்’ என்பதற்குத் துல்லியம் என்று பொருள். டபுள் பேஸில் மெட்டுக்கள் இல்லாமையால் சுரஸ்தானத்தைச் செவியறிவால் தேடிப் பிடிக்கவேண்டும். இதிலோ வீணையைப்போல் மெட்டுக்கள் இருத்தலின் விரல் வைத்த இடத்தில் சுரம் திட்டமாக நிற்கும். நான்கு கிலோ எடையுள்ள கருவி. தோளில் மாட்டிக்கொண்டு எவ்விடமும் செல்லலாம். இன்று கேளம்பாக்கத்துச் சந்திப்பில் மாலையில் பேருந்துக்கு நிற்கும் ஓர் இளைஞரின் முதுகில் நீண்ட கறுப்புப் பையொன்று தலைக்குமேல் ஒரு முழம் எழுந்து தோன்றுமாயின், அஃது இதுவாக இருக்கலாம்.

நிற்க. இவ்வாத்தியம் சங்கீதத்தில் செய்யும் காரியம் யாது? நம் கர்நாடக சங்கீதத்தில் சுருதி ஒன்றே. தம்புரா அதனை மாற்றாது நிறுத்தும். தாழ்ந்த நாதம் வேண்டுமிடத்து மிருதங்கத்தின் இடந்தலை அதனைத் தரும். அங்கே ரவையைப் பிசைந்து அப்புவது அந்தக் கனத்திற்காகவே. மெல்லிசையிலோ பாட்டின் அடியில் சுரக்கூட்டங்கள் மாறிக்கொண்டே செல்லும். அம்மாற்றத்திற்கு வழிகாட்டுவது பேஸ். ஓர் உதாரணம் கூறுவேன். பாடுபவர் சட்ஜத்தை நீட்டி நிறுத்தியிருக்கின்றார் என்க. பேஸும் அடியில் சட்ஜத்தையே ஒலிக்குமாயின் வீடு வந்து சேர்ந்த அமைதி தோன்றும். அதே வேளையில் பேஸ் சுத்த மத்தியமத்தை ஒலிக்குமாயின், பாடுவோர் குரல் சிறிதும் மாறாதிருப்பவும், அவர் எங்கோ புறப்பட ஆயத்தமானதுபோலத் தோன்றும். சுத்த தைவதத்தை ஒலித்தாலோ, அதே சட்ஜம் இருள் சூழ்ந்து ஏக்கங்கொண்டதாகக் கேட்கும். பாடியது ஒரு சுரம். கேட்டவை மூன்று பாவங்கள். கேட்போர் அனைவரும் அப்பெருமையைப் பாடகருக்கே கொடுப்பர். அதில் பிழையொன்றுமில்லை, அப்படித் தோன்றும்படி செய்வதே இவ்வாத்தியத்தின் வேலை.

இரண்டாவது காரியம் தாளத்தைப் பற்றியது. டிரம்ஸில் வலக்காலால் மிதித்து ஒலிக்கும் பெரிய முரசும் பேஸின் முதற்சுரமும் ஒரே கணத்தில் விழவேண்டும். விழுந்தால் இரண்டும் இரண்டு வாத்தியமாகக் கேட்கமாட்டா. சுரமுடைய முரசொன்று முழங்கினாற்போலிருக்கும். இமைப்பொழுது பிந்தினால் பாட்டு சோம்பலாகும். முந்தினால் யாரோ துரத்துவது போலாகும். எத்துணை பிந்தலாம், எப்பொழுது முந்தலாம் என்பது பாட்டைப் பொறுத்தது. இதனை எழுதிவைத்துக் கற்பிக்க இயலாது. சுரத்தை எப்போது எழுப்புவது என்பதைக் காட்டிலும் எப்போது அடக்குவது என்பது கடினம். புதிதாக வாசிப்போர் அனைவரும் அதிகமாக வாசிப்பர். நான் கண்ட நல்ல வாசிப்பாளர் அனைவரும் குறைவாக வாசிப்பவரே.

தமிழ்நாட்டில் இவ்வாத்தியத்தின் குரலைப் பாமரரும் கேட்குமாறு செய்தவர் இளையராஜா. 1976-இல் ‘அன்னக்கிளி’ வாயிலாக இசையமைப்பாளராக வெளிவருமுன் அவர் பிறர் குழுக்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்தவர்; ஜி. கே. வெங்கடேஷ் என்பாரிடம் உதவியாளராகவும் இருந்தவர். ஒவ்வொரு வாத்தியத்திற்குமுரிய சுரங்களைத் தாமே எழுதிக்கொடுக்கும் அவர், பேஸுக்கு வெறும் ஆதாரச் சுரத்தை மாத்திரம் கொடாமல், பாட்டின் மெட்டோடு உரையாடும் வேறொரு மெட்டாகவே அதனை அமைத்தார். அவர் பாட்டுக்கள் பலவற்றில் பல்லவியை விட்டுவிட்டு அடிநாதத்தை மாத்திரம் முணுமுணுத்தாலும் இன்ன பாட்டென்று கண்டுகொள்ளலாம். சசிதரன் என்பார் அக்குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர். பின்னர் 1992-இல் ‘ரோஜா’வோடு தோன்றிய ஏ. ஆர். ரஹ்மானின் பாட்டுக்களில் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ் என்பாரின் வாசிப்பு பெயர்பெற்றது. ரஹ்மான் தம் இசைத்தட்டுகளின் உறைகளில் வாத்தியக்காரர் பெயர்களை அச்சிட்டு வந்தமையால், அதுகாறும் ‘குழுவினர்’ என்னும் ஒரு சொல்லுள் மறைந்திருந்தோர் பலரைத் தமிழர் பெயர் சொல்லி அறியலாயினர்.

பெயர் மறைவது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. அமெரிக்காவில் டெட்ராயிட் நகரத்து மோடவுன் இசைத்தட்டுக் கம்பெனியின் எண்ணிறந்த பாட்டுக்களுக்கு அடிநாதம் தந்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1936-இல் பிறந்து 1983-இல் மறைந்தவர். வலக்கையின் ஆட்காட்டி விரலொன்றினாலேயே வாசித்தவர். தந்தி அறுந்தாலன்றி மாற்றார் என்பர். பத்தாண்டுக் காலம் உலகமே அவர் வாசிப்பிற்கு ஆடிற்று. பெயர் ஒருவர்க்கும் தெரியாது. அக்கம்பெனியின் இசைத்தட்டு உறையில் வாத்தியக்காரர் பெயர்கள் அச்சானது 1971-இல், மார்வின் கே பாடிய தொகுதியொன்றிலேதான்.

இனி, நம் ஊரில் கருவியைப் பேணும் பாடு. கேளம்பாக்கத்திற்குக் கிழக்கே முட்டுக்காட்டு உப்பங்கழி. அதற்கப்பால் கோவளத்துக் கடல். மாலையில் வீசும் கடற்காற்று மேனிக்கு இதம், தந்திக்கு விஷம். தஞ்சாவூரிலிருக்கும் நண்பர் ஒருவர் ஆறு மாதம் வைத்து வாசிக்கும் தந்திகள், கிழக்குக் கடற்கரைச் சாலையின் உல்லாச விடுதிகளில் திறந்த வெளி மேடைகளில் நான்கு கச்சேரி வாசித்தவுடன் ஒளி மங்கி, தட்டினால் ‘தொப்’பென்று ஒலிக்கின்றன. வியர்வையோடு உப்பும் சேர்ந்து, சுற்றுக்கம்பியின் இடுக்குகளில் துருவாகின்றது. எனவே வாசித்து முடித்ததும் வேட்டித்துணியால் ஒவ்வொரு தந்தியையும் அழுத்தித் துடைப்பது, பாட்டு மனப்பாடத்தினும் முதன்மையான பழக்கம். ஒரு தொகுதிப் புதிய தந்தி வாங்கினால் ஒரு கச்சேரிக்குரிய என் ஊதியத்தில் பெரும்பகுதி போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மரம் ஈரத்தை ஏற்றுக் கழுத்து வளையும். மெட்டுக்களில் தந்தி இடித்துக் கரகரக்கும். அப்பொழுது முற்கூறிய எஃகுக் கம்பியை ஆலன் சாவியாற் கால் திருப்பு திருப்பிச் சரிசெய்யவேண்டும். கால் திருப்புக்கு மேல் ஒரே நாளில் துணியலாகாது.

மின்சாரம் வேறொரு தொல்லை. தரைத்தொடர்பு சரியில்லாத மேடைகளில் ‘ம்ம்ம்’ என்னும் இரைச்சல் எழும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று உடையது. தடித்த தந்தியின் மூன்றாம் மெட்டில் பிறக்கும் சுரமோ 49 அதிர்வு. ஆதலால் மற்ற வாத்தியக்காரர்க்கு வெறும் இரைச்சலாயிருப்பது, பேஸ்காரருக்குத் தம் சுரத்தின் அருகிலேயே நின்று அபசுரம் பாடும் அயலானாகின்றது. இதற்குப் பரிகாரமாக டி.ஐ. பெட்டி என்னும் கைப்பெட்டியொன்றை நான் எப்பொழுதும் சுமந்து செல்வேன். அது வாத்தியத்தின் ஒலியை இரைச்சல் ஏறாத வகையில் நேரே சவுண்டுக்காரரின் பலகைக்கு அனுப்பும். அதனோடு கேபிள் இரண்டு, 9 வோல்ட் மின்கலம் இரண்டு, கறுப்பு நாடா ஒரு சுருள். பெருந்தொகை கொடுத்து வாங்கிய கருவியுடன் வந்து, கேபிள் ஒன்று பழுதானமையால் இரவெல்லாம் கைகட்டி நின்றவரை நான் அறிவேன்.

கருவியைக் கண்ணுக்கெதிரே வைத்திருப்பதும் இத்தொழிலின் கடமையே. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-இல் ஜெர்மனியில் வாங்கிய பிடில் வடிவப் பேஸ் கிதார் 1972-இல் களவுபோயிற்று. அது மீண்டு அவர் கை சேர்ந்த செய்தி 2024-இல் வெளிவந்தது. அவருக்குத் தேடித்தர ஆளிருந்தனர். நாமோ சாப்பிடப் போகும்பொழுதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பந்தியில் அமர்வோம்.

கூட்டாளிகளைப் பற்றிச் சொல்லப் புகின் ஒரு நூலாகும். டிரம்ஸ் வாசிப்பவரோடு பேஸ்காரருக்குள்ள உறவு சம்பந்திகளுக்குள் உள்ளது போன்றது. மனத்தாங்கல் இருந்தாலும் மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆகவேண்டும். கீபோர்டுக்காரர் வல்லவர், ஆயினும் இடக்கையால் அடிச்சுரங்களையும் சேர்த்து வாசிக்கும் பழக்கமுடையவராயின் எங்களுக்குள் எல்லைத் தகராறு. பாடகி ஜலதோஷத்தோடு வந்து, ‘இன்றைக்கு அரைக் கட்டை இறக்கிக்கொள்ளலாமா?’ என்பார். கீபோர்டுக்காரர் பொத்தானொன்றை அழுத்துவார். அவர் விரல்கள் பழைய இடங்களிலேயே ஓடும், சுரம் தானே இறங்கும். பேஸ்காரருக்கு அப்பொத்தான் இல்லை. திறந்த தந்தியில் இலேசாக வாசித்துவந்த சுரங்களெல்லாம் அரைக் கட்டை இறங்கியவுடன் வேறு மெட்டுக்களுக்கு ஓடிப்போகும். நூறு முறை வாசித்த பாட்டைக் கைகள் புதிதாய்க் கற்கவேண்டும், அதுவும் அரை நிமிஷத்தில். பாடகி இதனை அறியார். அறிந்தாலும் ஜலதோஷம் தீரப்போவதில்லை.

குழுத்தலைவரே எங்கள் அனைவர்க்கும் தாயும் தண்டல்காரரும். மண்டபத்தாரிடம் அட்வான்ஸ் பெறுவது, வண்டி பேசுவது, மாப்பிள்ளை வீட்டார் சபையில் எழுந்து கேட்கும் பாட்டு எங்களுக்குத் தெரியாதென்பதை அவர்கள் மனம் நோகாமற் சொல்வது, யாவும் அவர் பொறுப்பு.

கச்சேரிக்காரரின் ஆண்டு பஞ்சாங்கத்தையொட்டி நடப்பது. ஆடியில் கல்யாணமில்லை, அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் விழாக்கள் உண்டு, திருப்போரூர்ச் சாலையின் இருமருங்கிலுமுள்ள சிற்றூர்களில் அம்மாதம் மேடை கிடைக்கும். ஆவணியில் முகூர்த்தங்கள். புரட்டாசியில் தந்தி மாற்றிக்கொண்டு வீட்டிலிருக்கலாம். மார்கழி கல்யாணக்காரர்க்கு ஓய்வாயினும், கிறிஸ்துமஸும் ஆங்கில வருஷப் பிறப்பும் ராஜீவ் காந்தி சாலைக் கம்பெனிகளின் ஆண்டுவிழாக்களும் கூடி நமக்கு அறுவடையாகும். தையிலும் வைகாசியிலும் ஒரே நாளில் இரண்டு அழைப்பு வந்து ஒன்றை விடவேண்டியிருக்கும். ஆனியின் கடைசியில் ஒன்றேனும் வாராதா என்று தொலைபேசியைப் பார்த்திருப்போம்.

ஊர்ப் பெயராலும் ஓர் இடர் வந்துள்ளது. வண்டலூருக்கு அருகே கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டதுமுதல், கேளம்பாக்கம் என்றால் பலர் செவியில் அதுவாகவே விழுகின்றது. இரண்டிற்கும் இடையே வண்டலூர்ச் சாலை வழியாக ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எங்களூர் மண்டபமொன்றில் வரவேற்புக் கச்சேரி தொடங்கவேண்டிய ஆறரை மணிக்கு, புதிதாய் வந்த டிரம்ஸ்காரர் பேருந்து நிலையத்து வாயிலில் நின்றுகொண்டு மண்டபம் எங்கே என்று வினவிக்கொண்டிருந்தார். அன்று முதல் முக்கால் மணி நேரமும் தாளத்தைத் தாங்கியது பேஸ் ஒன்றே.

மேடையில் ஏறுவது மாலை நான்கு மணிக்கு. வாசிப்பது ஏழு மணிக்கு. இடைப்பட்ட காலமெல்லாம் காத்திருத்தல். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி ஒலிக்கலாகாதென்று 2000-ஆம் ஆண்டில் வகுத்த விதி உண்டு. ஒன்பதே முக்காலுக்குக் குழுத்தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். பிறகு கம்பிகளைச் சுருட்டி, பந்தியில் மிஞ்சியதை உண்டு, உறையில் தரும் பணத்தை எண்ணாமற் சட்டைப்பையிலிட்டு, கடைசிப் பேருந்து போயிற்றென்று அறிந்து, ஆட்டோ பேசுவோம். தாம்பரத்தில் கச்சேரியாயின் வீடு சேர 25 கிலோமீட்டர். மறுநாட்காலை ஒன்பது மணிக்கு உத்தியோகம். என் குழுவில் எண்மர். இதனாலேயே முழு ஜீவனமும் நடத்துவோர் இருவர். அவ்விருவரும் பிள்ளைகளுக்குக் கற்பித்து வரும் கட்டணத்தையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். ஜீவனம் நடக்குமா என்று வினவிய மாணவர்க்கு விடை இஃதே.

இப்பொழுது அவ்விடமும் அசைகின்றது. பாட்டின் வாத்தியப் பகுதி முழுவதையும் முன்னரே பதிந்து, மடிக்கணினியிலிருந்து ஒலிக்கவிட்டு அதன்மேற் பாடும் வழக்கம் பரவிவிட்டது. மேடைக்காரர் அதனை டிராக் என்பர். எட்டுப் பேர் செய்ததை நால்வர் செய்யலாம்; முதலில் குறைக்கப்படுபவர் பேஸ்காரர். குழுத்தலைவரைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. ஆள் ஒன்று குறைந்தால் ஊதியம் ஒன்று, பயணச் செலவொன்று, மேடையில் இடம் நான்கு அடி மிஞ்சும். கேட்போரில் நூற்றுக்கு ஒருவர்கூட வேறுபாடு அறியார் என்று அவர் சொல்வது பெரும்பான்மை உண்மை.

பெரும்பான்மை என்றேன். சென்ற ஆடியில் ஒரு கோயில் மேடையில் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் தாமும் ஒரு பாட்டுப் பாடவேண்டுமென்று வந்தார். அவ்வூர் வழக்கப்படி மறுக்க இயலாது. அவர் இடையிசை முடியுமுன்னரே, நான்கு தாளவட்டம் முந்தி, சரணத்தைத் தொடங்கிவிட்டார். டிராக் தன் வழியே சென்றது, பெரியவர் தம் வழியே சென்றார், சபையில் சிரிப்பெழுந்தது. அவர் முகம் கறுத்தது. குழுத்தலைவர் மடிக்கணினியை நிறுத்துமாறு சைகை செய்தார். அன்று அழைப்பின்றித் துணைக்குச் சென்றிருந்த நான், பையிலிருந்து கருவியை எடுத்து மாட்டினேன். பெரியவர் நின்ற சுரத்தைக் கேட்டு அதன் ஆதாரத்தைப் பிடிக்க இரண்டு அட்சரம் ஆயிற்று. டிரம்ஸ்காரர் என் கையைப் பார்த்துச் சேர்ந்துகொண்டார். அதன்பின் அவர் மூன்று இடங்களில் முந்தினார், ஓரிடத்தில் வரியை மறந்து நின்றார். நாங்களும் முந்தினோம், நின்றோம். சபையோர் கைதட்டினர். தாம் தவறியதாகவே அவர் அறியவில்லை. பாடுவோர் மூச்சைப் பார்த்து அடுத்த சுரத்தை வைப்பது மடிக்கணினிக்கு இதுவரை கூடவில்லை.

இதற்காக என்னை மறுபடி முழு ஆளாக அமர்த்தினார் என்று எண்ணவேண்டா. இந்தத் தையில் எங்கள் குழுவுக்கு ஆறு கல்யாணம். மூன்றிற்கு என்னை அழைத்திருக்கின்றார், மூன்றிற்கு டிராக். இதற்கிடையே வேறொரு குழுவினர் தம் டிராக்குகளில் கீபோர்டில் எழுப்பிய பேஸ் உயிரின்றி இருப்பதாகக் கண்டு, மெய்யான வாத்தியத்தால் வாசித்துப் பதிந்து தருமாறு என்னையே கேட்டனர். ஒரு பாட்டுக்கு ஒரு முறை ஊதியம். பிறகு அது நூறு மேடையில் ஒலித்தாலும் என்னைச் சேர்ந்தது ஒன்றுமில்லை. நான்கு பாட்டுக்கள் வாசித்துக் கொடுத்தேன். ஐந்தாவதற்கு வந்தபொழுது, பாட்டுக்கு இவ்வளவென்று பேசாமல், ஒலிக்கும் மேடைக்கு இவ்வளவென்று, அது சிறு தொகையாயினும், பேசவேண்டுமென்று சொல்லியனுப்பினேன். விடை இன்னும் வரவில்லை.